மேல் வெளிக் கால்வாசி

கட்டைபறிச்சானில் சோமசேகரத்தை எல்லோரும் டொக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். அவருடைய மருத்துவப் பட்டம் அவ்வளவுதான்.

அதற்கு முன் அவர் திருகோணமலையில், ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் வேலை செய்தார். சிரிஞ்சுகளை வெந்நீரில் அவிப்பது, இருமல் மருந்தைப் போத்தலில் ஊற்றுவது, டொக்டருடைய கதிரையைத் துடைப்பது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை தொடங்கியதும் அந்த டொக்டர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போய்விட்டார். போகும்போது அலுமாரித் திறப்பைச் சோமசேகரத்தின் கையில் கொடுத்து, "எல்லாத்தையும் பாத்துக்கொள்" என்றார். சோமசேகரம் பார்த்துக்கொண்டார். சிரிஞ்சு, ஊசிகள், கழுத்தில் போடும் குழாய், பெனிசிலின் குப்பிகள், சுவரில் தொங்கிய படம் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, லோஞ்சில் ஏற்றி, குடாவைக் கடந்து ஊருக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் படம் ஒரு மருந்துக் கொம்பனியின் கலண்டர். தோலுரித்த மனிதன் ஒருவன் சிவந்த தசைகளோடு கையை விரித்து நின்றான். நமக்கு நேரே முகம் காட்டி நின்றான். மனிதனுக்குப் பின்புறம் என்று ஒன்று உண்டு என்பதை அந்தப் படம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அதுதான் சோமசேகரத்தின் பல்கலைக்கழகம். வருகிறவர்களுக்கு முன்னால் அவ்வப்போது அண்ணாந்து பார்த்து, "ம்" என்பார். நோயாளி பயந்துபோவான். பயம் பாதி வைத்தியம் என்பது அவருடைய எண்ணம். மீதிப் பாதி ஊசி.

ஊசி போடாதவனை டொக்டர் என்று அந்த ஊர் ஏற்றுக்கொள்ளாது. குளிசை கொடுத்தால் முகம் தொங்கும். "இதைத்தானே கடையிலயும் விக்கிறான்" என்பார்கள். ஊசி குத்தி, அந்த இடம் வீங்கி, வீடு போகும் வரைக்கும் தடவிக்கொண்டு போனால்தான் வைத்தியம் நடந்தது என்று அர்த்தம். ஊருக்கு ஏற்ற டொக்டர், டொக்டருக்கு ஏற்ற ஊர்.

அவருக்கு ஒரு விதி தெரியும். ஓர்ஸ் ஹில்லில் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று அவர் காதால் பிடித்தது. "பிட்டத்தை நாலாப் பிரி. மேல், வெளிக் கால்வாசியில போடு" என்று டொக்டர் ஒரு தாதிக்குச் சொன்னார். சோமசேகரம் அதைத் தேவாரம்போல மனனம் செய்து வைத்திருந்தார்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை அவர் பார்க்கவில்லை. அங்கே நோயாளி கட்டிலில் குப்புறப் படுப்பான். களிசானை இடுப்பிலிருந்து கீழே இறக்குவான். பிட்டம் முழுவதும் தெரியும். அதை நாலாகப் பிரித்தால் மேல் வெளிக் கால்வாசி இடுப்பெலும்புக்குக் கிட்ட வரும். அங்கே வெறும் தசைதான். ஊசிக்கு எந்தத் தடையும் இல்லை.

கட்டைபறிச்சானில் ஆண்கள் சாரம் கட்டியவர்கள். சாரத்தின் முடிச்சை அவிழ்த்தால் முழுச் சாரமும் காலடிக்கு வந்துவிடும். வாசலில் ஊர் முழுக்க வாங்குப் பலகையில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் முடிச்சை அவிழ்ப்பான்? படுப்பதற்குக் கட்டிலும் இல்லை. அதனால் எல்லோரும் ஒரே மாதிரிச் செய்தார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, சாரத்தின் கீழ்க்கரையை ஒரு பக்கமாகச் சுருட்டி, இடுப்போடு பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு குறைவாகத் தூக்க முடியுமோ அவ்வளவு. பிடித்த கையும் சுருண்ட துணியும் மேல்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் மூடிக்கொண்டன. மிச்சமாகத் தெரிந்தது கீழ்ப்பாதியில், உள்பக்கமாக ஒரு துண்டுத் தோல். சோமசேகரம் அந்தத் துண்டை நாலாகப் பிரித்தார். அதன் மேல் வெளிக் கால்வாசியில் ஊசியை இறக்கினார். கணக்குச் சரி. உடம்புதான் பிழை.

பெண்கள் சட்டைக்கையை மடித்துத் தோளைக் காட்டினார்கள். ஊரில் பெண்கள் எவரும் நொண்டவில்லை. ஆண்களில் சிலர் ஊசி போட்ட பிறகு சில கிழமைகள் காலை இழுத்தார்கள். "ஊசி பிடிச்சிட்டுது" என்று அதைப் பெருமையாகச் சொன்னார்கள். கூடுதலாகப் பிடித்தால் கூடுதல் மருந்து. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க ஊரில் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. டொக்டருக்கு நேரம் இருந்தது, யோசனை இருக்கவில்லை.

தவராசா வயல்காரன். கலியாணம் செய்து ஒரு மாரி கூட முடியவில்லை. வரம்பில் மழைக்குள் நின்று காய்ச்சல் பிடித்து வந்தான். சுவரைப் பார்த்துத் திரும்பினான், தூக்கினான். ஊசி ஏறியதும் துள்ளினான்.

"ஐயோ டொக்டர்! கரண்ட் அடிக்குது! கால் விரல் வரைக்கும் இழுக்குது!"

"மருந்து வேலை செய்யுது. ஆடாமல் நில்லடா."

ஊசியை அந்தக் கணமே வெளியே இழுத்திருந்தால் தவராசா தப்பியிருப்பான். சோமசேகரம் மிச்ச மருந்தையும் விரயம் செய்யாமல் ஏற்றினார். வாங்கில் இருந்தவர்கள் மெச்சுதலோடு பார்த்தார்கள்.

விடிந்தபோது காய்ச்சல் போய்விட்டது. பாதமும் போய்விட்டது. வலது பாதத்தை மேலே மடக்க ஏலவில்லை. முன்பக்கம் நிலத்தில் தொங்கியது. செருப்பு அவனுக்குத் தெரியாமலே கழன்று பின்னால் கிடந்தது. விரல்கள் தட்டுப்படாமல் இருக்க முழங்காலை உயர்த்தி உயர்த்தி நடந்தான். தார் ரோட்டில் போனாலும் உழுத வயலுக்குள் போகிறவன்போல இருந்தது.

அவனுடைய மனைவி குணேஸ்வரி டொக்டரிடம் ஓடினாள். டொக்டர் கலண்டர் மனிதனை அண்ணாந்து பார்த்தார். "குளிர் இறங்கியிருக்கு. உப்பை வறுத்துப் பொட்டளி கட்டி ஒத்தடம் குடு. நல்ல சூடாய்" என்றார்.

அவள் கொடுத்தாள். "சுடுதே?" என்று கேட்டாள். "இல்லை" என்றான். இன்னும் சூடாக்கினாள். "இப்ப?" "ஒண்டும் தெரியேல்லை." தோல் கிளம்பி வந்தபோதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அளவு வெந்து, பிறகு ஆறி, பளபளவென்று ஒரு தழும்பு விட்டது.

புண் ஆறிய பிறகும் பாதம் எழும்பவில்லை. ஊரில் ஆண்கள் சிலர் வந்து, தங்களுக்கும் இப்படித்தான் பிடித்தது, தானாக விட்டது என்று ஆறுதல் சொன்னார்கள். குணேஸ்வரிக்கு ஆறுதல் போதவில்லை. ரவுணுக்குப் போய் ஒழுங்கான டொக்டரிடம் காட்டு என்று புருசனை மூதூரில் லோஞ்சில் ஏற்றிவிட்டாள். தன் வாழ்க்கையில் செய்த மிகப் புத்தியான காரியம் என்று நினைத்துச் செய்தாள்.

திருகோணமலை இறங்குதுறையில் ஆமிக்காரர்கள் ஆட்களை ஒவ்வொருவராக நடக்கவிட்டுப் பார்ப்பது அந்த நாட்களின் வழக்கம். தவராசா நடந்தான். இளந்தாரி. நொண்டுகிறான். சாரத்தைத் தூக்கச் சொன்னார்கள். தழும்பு. சண்டையில் ஷெல் பட்ட இயக்கக்காரனின் கால் என்று முடிவு செய்ய அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஊசி என்று அவன் சொன்னான். ஊசி போட்டு நொண்டுகிறவனை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. கட்டைபறிச்சானுக்கு வந்திருந்தால் கேள்விப்பட்டிருப்பார்கள்.

அடுத்த நாள் காலை குணேஸ்வரி டிஸ்பென்சரி வாசலில் நின்றாள்.

"டொக்டர், என்ர மனுசனைப் பிடிச்சுப் போட்டாங்கள். தெற்கை அனுப்பப் போறாங்களாம். அனுப்பினால் பிறகு ஆளைக் காணேலாது. நீங்கள் வந்து உங்கட ஊசியாலதான் கால் போனதெண்டு சொல்லுங்கோ."

சோமசேகரம் கதவைச் சாத்தப் பார்த்தார். ஏலவில்லை. அவள் உள்ளே ஒரு காலை வைத்திருந்தாள்.

"என்ன கதை கதைக்கிறாய்? ஊசியால ஆருக்கும் கால் போகுமே? அவன்ர உடம்புவாகு அப்பிடி."

"உடம்புவாகெண்டாலும் அதை அங்க வந்து சொல்லுங்கோ."

"எனக்கு ஆக்கள் காத்துக்கொண்டிருக்கினம்."

"அப்ப நானும் இருக்கிறன்" என்று வாங்கின் ஓரத்தில் இருந்தாள். பக்கத்தில் ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எங்க போடப் போறார், ஐயா?" என்று கேட்டாள். "இடுப்பில தானே, பிள்ளை." "என்ர மனுசனுக்கும் அங்கதான் போட்டவர். இப்ப ஆமி முகாமில இருக்கிறார்." கிழவருக்கு இருமல் நின்றுவிட்டது. எழும்பிப் போனார். அவள் அடுத்தவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. நலம் விசாரிக்கிறவள்போல ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு போனாள். மத்தியானத்துக்குள் வாங்கு வெறுமையாகிவிட்டது.

சோமசேகரத்தின் மனம் இளகியது என்று எவரும் நினைக்க வேண்டாம். வாங்கு வெறுமையாக இருந்தது. அதனால் வெளிக்கிட்டார். வெள்ளைச் சேர்ட் போட்டு, பையை எடுத்து, குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

லோஞ்சில் அலை அடிக்க அடிக்க அவர் யோசித்தார். ஊசி என்று ஒப்புக்கொண்டால், டொக்டர் இல்லாமல் ஊசி போட்டவன் என்று தன்னைப் பிடிப்பார்கள். பிடிக்காவிட்டாலும் கதை ஊருக்கு வந்துவிடும். பிறகு சோமசேகரம் என்று வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தப் பேருக்கு அவர் திரும்பிப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. நடுக்கடலில் ஒரு வழி பிறந்தது. சிறுவயதில் போலியோ. எவருக்கும் குற்றமில்லாத நோய். தன் கெட்டித்தனத்தை நினைத்து அவருக்கே வியப்பாக இருந்தது. குணேஸ்வரியிடம் அவர் அதைச் சொல்லவில்லை. கெட்டித்தனத்தைப் பெண்களிடம் சொல்லி விளங்கப்படுத்துவது அவருக்குப் பழக்கமில்லை.

முகாமில் ஒரு அறையில் மேசை, வாங்கு, மேசைக்குப் பின்னால் இராணுவத்தின் டொக்டர். மெலிந்த சிங்கள மனிதர். பல இரவு நித்திரை இல்லாத கண். மொழிபெயர்க்க ஆள் இல்லாததால் முகாமுக்கு முட்டை கொண்டுவரும் மூதூர் வியாபாரி ஸஹாப்தீனை இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். முட்டைத் தட்டு இன்னும் அவர் கையில் இருந்தது. தவராசாவைக் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. சோமசேகரத்தைக் கண்டதும் மரியாதையாக நிமிர்ந்து நின்றான். அடி வாங்கியும் மரியாதை போகவில்லை.

"நீங்க எந்த டொக்டர் எண்டு இவர் கேக்கிறார்" என்றார் ஸஹாப்தீன்.

"பிறைவேட்" என்றார் சோமசேகரம். "இந்தப் பொடியனை எனக்குச் சின்னனில இருந்து தெரியும். மூண்டு வயசில போலியோ வந்தது. நான்தான் பாத்தனான்."

குணேஸ்வரி வாயைப் பிளந்தாள். "என்ன டொக்டர் சொல்லுறீங்கள்?"

"நீ பேசாமல் இரு. உனக்காகத்தான் சொல்லுறன்."

ஸஹாப்தீன் அதைச் சிங்களத்தில் சொன்னார். இராணுவ டொக்டர் எழும்பி வந்தார். தவராசாவை வாங்கில் குப்புறப் படுக்க வைத்து இரண்டு குதிக்கால்களையும் சேர்த்துப் பிடித்தார். இரண்டும் ஒரே நீளம். கண்ணை மூடச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து, குத்தினால் சொல்லச் சொன்னார். தொடையில் குத்தினார். "ஓம்." உள்பக்கக் கெண்டையில் குத்தினார். "ஓம்." வெளிப்பக்கம் குத்தினார். புறங்காலில் குத்தினார். இரத்தம் பொட்டாக வந்தது.

"குத்தி முடிஞ்சுதே?" என்று கேட்டான் தவராசா.

இராணுவ டொக்டர் நிமிர்ந்தார். கதவடியில் நின்ற அதிகாரியைப் பார்த்து ஏதோ சொன்னார். ஸஹாப்தீன் முட்டைத் தட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

"போலியோக் கால் வளராதாம். இது மற்றக் காலோட சேந்து வளந்திருக்கு. போலியோவில தோல் மரக்காதாம். இது மரத்துக் கிடக்கு. அப்ப நீங்க சொன்னது பொய். பொய் சொல்லி ஆளைக் கூட்டிப் போக வந்த நீங்க ஆரு எண்டு அந்தா நிக்கிறவர் கேக்கிறார். உங்களையும் சேத்துத்தான் அனுப்புவாராம். யோசிச்சுப் பேசுங்க, டொக்டர். எனக்கு முட்டை குடுத்திட்டுப் போகணும்."

தவராசாவுக்காக நடுக்கடலிலும் வராத உண்மை, தனக்கு என்றதும் உடனே வந்தது.

"ஊசி. நான் போட்ட ஊசிதான். காய்ச்சலுக்குப் போட்டனான்."

"எங்க போட்டீங்க?"

"மேல், வெளிக் கால்வாசியில. முறைப்படி."

இராணுவ டொக்டர் ஒரு பேனையை நீட்டினார். காட்டு என்பது அதன் பொருள். சோமசேகரம் தொழில்காரரின் குரலில் சொன்னார்: "எழும்பு. சுவரைப் பார். தூக்கு." தவராசா வழக்கம்போலத் தூக்கினான். தெரிந்த துண்டுத் தோலில் சோமசேகரம் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு கீறி, நாலில் ஒன்றில் புள்ளி வைத்தார். கோடு நேராக இருந்தது.

இராணுவ டொக்டர் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்த அறையில் அவர் அதிகம் சிரித்திருக்க மாட்டார். சிரிப்பு சரியாக வரவில்லை.

குணேஸ்வரியைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அவர் தவராசாவைப் படுக்க வைத்துச் சாரத்தின் முடிச்சை அவிழ்த்து இறக்கினார். முழுப் பிட்டமும் தெரிந்தது. அதே பேனையால் அதை நாலாகப் பிரித்தார். மேல் வெளிக் கால்வாசி, சோமசேகரத்தின் புள்ளிக்குச் சாண் மேலே, வேறொரு ஊரில் இருப்பதுபோல இருந்தது. பிறகு ஒரு கோடு கீறத் தொடங்கினார். கீறக் கீறச் சொன்னார். ஸஹாப்தீன் தன் முதுகில் யாரோ கீறுவதுபோல நெளிந்துகொண்டு மொழிபெயர்த்தார்.

"இது நூல் இல்லையாம், கயிறாம். சுண்டுவிரல் மொத்தம் வருமாம். மனிசன்ட உடம்பில இதை விடப் பெரிய நரம்பு இல்லை. நாரியில முள்ளந்தண்டுக்குள்ள இருந்து அஞ்சு வேராப் புறப்பட்டு ஒண்டாச் சேருது. இடுப்பெலும்புல ஒரு ஓட்டையால வெளிய வருது. நாங்க குந்தி இருக்கிற எலும்பு இருக்கே, அதுக்கும் தொடை எலும்புட முளைக்கும் நடுவால கீழ இறங்குது. தொடைக்குப் பின்னால நேர போகுது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேல ரெண்டாப் பிரியுது. ஒண்டு பின்னால கெண்டைக்குள்ள போகுது. மத்தது வெளிப்பக்கமாச் சுத்தி முன்னுக்கு வருது. பாதத்தைத் தூக்கிறது அதுதான். ஊசி பட்டது அந்தப் பங்கில."

கோடு புள்ளியின் நடுவால் போயிற்று.

சோமசேகரம் குனிந்து பார்த்தார். வெட்கம் வரவில்லை. ஆத்திரம் வந்தது, கனடாவிலிருக்கும் டொக்டர் மேல். இவ்வளவு மொத்தமான ஒன்றை அவர் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் சொல்லவே இல்லையே. கலண்டர் கொம்பனி மேலும் வந்தது. தன் மேல் வருவதற்கு இடம் மிஞ்சவில்லை.

தவராசாவை விட்டார்கள். விடும்போது ஒரு நிபந்தனை வைத்தார்கள்.

"கிழமைக்கு ஒருக்கா இவர் ஆஸ்பத்திரிக்கு வந்து கால் பயிற்சி செய்யணுமாம்" என்றார் ஸஹாப்தீன். "அந்த நரம்பு வளந்தாலும் நகம் வளர்ற மாதிரித்தானாம், அவ்வளவு மெள்ள. முழுக்க வருமெண்டும் இல்லையாம். ஒவ்வொரு முறையும் இறங்குதுறையில மறிப்பாங்க, அங்க நிக்கிற ஆக்கள் மாறிக்கொண்டிருப்பாங்க. அதனால நீங்களும் கூட வரணும். வந்து எங்க குத்தினீங்க எண்டு காட்டணும். வராட்டி ரெண்டு பேரையும் உள்ள போடுவாங்களாம். நான் போகட்டா?"

திரும்பும் லோஞ்சில் சோமசேகரம் தொண்டையைச் செருமினார். "நான் மட்டும் வந்திருக்காட்டி..." என்றார்.

"ஓம் டொக்டர்" என்றாள் குணேஸ்வரி. "நீங்கள் போட்டிருக்காட்டி வரவேண்டியும் இருந்திருக்காது."

தவராசா அவளை முறைத்தான். பெரியவரோடு அப்படிக் கதைக்கலாமா என்பது அவன் முறைப்பின் கருத்து.

ஊரில் கதை வேறு விதமாக வந்து சேர்ந்திருந்தது. முகாமுக்குள் துணிந்து போய், ஆமி டொக்டரோடு வாதாடி, ஆளை மீட்டுக்கொண்டு வந்த டொக்டர். மூதூர்த் துறையில் அவருடைய பையை இரண்டு பேர் போட்டி போட்டுத் தூக்கினார்கள். நொண்டிக்கொண்டு இறங்கியவனுக்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை. மறுநாள் வாங்கு நிறைந்தது. குணேஸ்வரி உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். நன்றி கெட்டவள் என்று பேர் வாங்கினாள்.

சோமசேகரம் அதற்குப் பிறகு ஆண்களுக்கும் தோளில்தான் ஊசி போட்டார். டொக்டருக்கு வயது போகிறது, முந்தின மாதிரி ஊசி பிடிப்பதில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள்.

ஒவ்வொரு செவ்வாயும் குணேஸ்வரி வாசலில் வந்து நிற்பாள். "வாங்கோ டொக்டர், லோஞ்சுக்கு நேரமாகுது" என்பாள். ஏழை நோயாளியைக் கையோடு கூட்டிப்போகும் டொக்டரை ஊர் கண் கலங்கப் பார்த்தது.

முதல் செவ்வாய்களில் அவர் இறங்குதுறையில் தலை குனிந்து, ஒரு விரலால் அவசரமாகத் தொட்டுக் காட்டிவிட்டு நகர்ந்தார். ஆமிக்காரர்கள் சிரித்தார்கள். "தொஸ்தர மகாத்தயா" என்று டொக்டர் ஐயாவுக்குக் கிண்டலாகச் சல்யூட் அடித்தார்கள். கிண்டலை நீக்கிவிட்டால் மிச்சம் சல்யூட்தான் என்று அவருக்கு எப்போதோ பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். சிங்களத்தில் எலும்புக்கு என்ன, இடுப்புக்கு என்ன என்று ஸஹாப்தீனிடம் கேட்டுப் பாடமாக்கினார். காட்டுவதற்குப் பூவரசங்கம்பு ஒன்றை வெட்டி எடுத்துவந்தார். புதிதாக வந்த ஆமிக்காரர்களைப் பழையவர்கள் கூப்பிட்டுக் காட்டினார்கள். கூட்டம் கூடியது. குடாவுக்குத் தெற்கே அந்த நரம்பைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் எவரும் இல்லை என்ற நிலை வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று இரண்டொரு முறை சொல்லவும் செய்தார். ஒரு வகையில் அது பொய்யும் அல்ல.

ஒரு செவ்வாய் வெயில் நெருப்பாக எரிந்தது. சந்தைக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணேஸ்வரி கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தவராசா மணல் மூட்டைச் சுவரைப் பார்த்து நின்றான், சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி. பின்னால் சோமசேகரத்தின் குரல் நாரியில் தொடங்கி, இடுப்பெலும்பு ஓட்டையைத் தாண்டி, தொடையில் ஆறுதலாக இறங்கிக்கொண்டிருந்தது. கம்பு தோலில் பட்டும் படாமலும் வந்தது.

"டொக்டர், காணும்" என்றான் தவராசா, சுவரைப் பார்த்தபடியே. "கை உளையுது. விடட்டே?"

"பொறடா" என்றார் சோமசேகரம். "இன்னும் முழங்காலுக்கு வரேல்லை."